கம்பிவலைக்கு இந்தப் பக்கம்

நாளைக்குப் போயா. கடை பூட்டு.
இன்றோடு என் பேரை
செக்ரோலில் இருந்து வெட்டியாயிற்று.
வாங்குவதென்றால் இன்றைக்கே.

பொகவந்தலாவை டவுனில்
பஸ் திரும்புகிற இடத்துக்கு மேலே,
கறுப்புக் கம்பிவலை அடித்த ஜன்னல்.
எனக்கு யாரும் வழி காட்ட வேண்டாம்.
இருபத்தேழு வருசம், சம்பள நாள்களில்,
படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு
அதற்கு எதிரே மழையில் நின்றிருக்கிறேன்,
உள்ளே போன செல்லமுத்து
வெளியே வரும்போது என்ன மிஞ்சும் என்று.
அவனிலா, காசிலா என்று கேட்காதீர்கள்.
இரண்டிலும்தான்.

இன்றைக்கு நானே வரிசையில்.
முன்னால் நின்ற ஆம்பளைகள் திரும்பிப் பார்த்து
ஒரு முழம் விலகினார்கள்,
என் காலில் அட்டை ஏறியிருப்பதுபோல.

"ஒரு கால் போத்தல் சாராயம்."
வலைக்குள் இருந்த பையன்
விரலால் சுவரைக் காட்டினான்.
மூன்று மொழியில் ஒரு அறிவித்தல்.
தமிழில்: பென்களுக்கு விற்பனை இல்லை.
பென் என்றால் வேறு யாரோ, தம்பி,
நான் பெண்
என்று வாதாடலாமா?
"சட்டம், அம்மே" என்றான்.

சட்டம்.
பிள்ளை பெற்ற மறுமாதம்
கொழுந்துக் கூடையோடு ஏற்றத்தில் ஏறினேனே,
அப்போது எந்த மரத்தடியில் ஒதுங்கி நின்றது அது?
ரெண்டு கிலோ குறைந்ததற்கு
அரைப்பேர் போட்ட தராசு
ஆணா பெண்ணா என்று கேட்டதா?
செல்லமுத்துவின் ஈரலை
இந்த ஓட்டை வழியாகத்தானே
கால் கால் போத்தலாக வாங்கிக்கொண்டீர்கள்.
கொடுக்காதீர்கள் என்று கெஞ்சிய அன்றைக்கு
உன் முதலாளி சொன்னார்:
"அவர் காசு, அவர் இஷ்டம்."
என் காசு என் இஷ்டம் என்பதை
ஏன் பிழையோடாவது
ஒரு மொழியிலும் எழுதி ஒட்டவில்லை?

இதில் ஒரு வார்த்தையும் நான் சொல்லவில்லை.
சொன்னது இதுதான்:
"ரோதைமுனிக்குப் படையல் தம்பி. சாமிக்கு."

வரிசையே இளகிப்போனது.
சாமி குடிக்கலாம்.
ஆட்டோக்கார நிரோஷன் முன்னுக்கு வந்தான்.
"குடுங்கக்கா காசை, சாமி காரியம்."
சாமி காரியத்துக்கு அவன் எடுத்துக்கொண்டது
நூறு ரூபாய்.

முனியப்பா, பொறுத்துக்கொள்.
அது உனக்கில்லை. எனக்கு.
லட்சமோ, பத்து லட்சமோ,
நான் கிள்ளிய கொழுந்தையெல்லாம்
குடித்தது எது என்று
ஒரு தடவை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ராத்திரி காம்பராவில் லைட்டை அணைத்துவிட்டு,
ரொட்டியும் கட்டைச்சம்பலும் பக்கத்தில் வைத்து,
ஒரு மூடி ஊற்றினேன்.
மண்ணெண்ணெயில் சீனி கரைத்த மாதிரி.
இதற்கா?
ரெண்டாவது மூடி.
இதற்கா, செல்லமுத்து?
மூன்றாவதில்
கூடைக் கயிறு அழுத்தி அழுத்தித் தடித்த உச்சந்தலையில்
ஏதோ ஒன்று மெல்ல அவிழ்ந்தது.
பிடித்திருந்தது.
பிடித்திருந்ததுதான் பிடிக்கவில்லை.
மூடியை இறுக்கித் திருகினேன்.

போயாக் காலை.
கீழே பன்சலை ஒலிபெருக்கியில் பிரித்.
ஏழு மணிக்கே கதவு தட்டுகிற சத்தம்.
அடுத்த காம்பரா வீரபத்திரன்,
சாரத்தைப் பிடித்திருந்த கை நடுங்க,
"நிரோஷன் சொன்னான்...
சாமிக்கு வச்சதுல ஏதாச்சும் மிச்சம்..."

போத்தல் அரிசிப் பானைக்குள் இருந்தது.
கதவை நாலு விரல் அகலத்துக்குத் திறந்து,
"ஐசி இருக்காண்ணே?" என்றேன்.

அந்த மனுசன்
எடுத்துவர ஓடினார்.